காந்தம் சித்தியும் அரை அரிசி இரும்பும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில், ‘மெத்தனம் என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: ‘என் சித்திக்கு மெத்தனம் என்பதே கிடையாது, ஆகையால் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.’ இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அரை மதிப்பெண் போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘சொந்தக் கதை வேண்டாம்’ என்று எழுதியிருந்தார் ஆசிரியர். அந்தத் தேர்வோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. இப்போது ஓரத்தில் சிவப்பு மையில் எழுத ஆள் இல்லை. ஆகவே சொந்தக் கதையையே எழுதுகிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடேயே தங்கிவிட்டவள். நாற்பத்திரண்டு வயது. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. குரல் மட்டும் ஆறடி. கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கே அவளை எல்லோரும் ‘காந்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இடத்தில் அவளுக்குக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு காந்தக்கட்டை தொங்கும். அட்டை அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். வாயில்காப்பாளர் அட்டையைக் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

முதல் ஒன்பது வருடம் மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். ஒருநாள் சூப்பர்வைசரிடம், “மணிக்கு எழுபது பீஸ் வேணும்னா, என்னை மாதிரி இன்னொருத்தியையும் தைச்சுக் குடுங்க, பக்கத்துல உக்கார வச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். தண்டனையாக ஊசி மேஜைக்கு அனுப்பினார்கள். கழிவறைக்குப் போகும் வழியில், தூணுக்குப் பின்னால், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. யாரும் விரும்பாத மூலை. ஒரே மாதத்தில் சித்தி அதைக் காவல் நிலையம் ஆக்கிவிட்டாள்.

அந்தத் தொழிற்சாலையின் சட்டம் இதுதான். தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வந்து ஊசி மேஜையில் கொடுக்க வேண்டும். சித்தி அவற்றை ஒரு தாளில், முழு ஊசியின் படம் அச்சடித்த இடத்தின் மேல், ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டுவாள். தேதி, மெஷின் எண், கையெழுத்து. ஊசி முழுசாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் மெஷின் நிற்கும். அது கிடைக்கும்வரை அங்கே தைத்த துணி எதுவும் வெளியே போகாது. சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிறவருக்குப் பேச வராது. குத்துகிறது என்று சொல்லமாட்டார், அழுவார். பாலுக்கு அழுகிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

பதினொரு வருடத்தில் பதினொரு பேரேடு நிறைய உடைந்த ஊசிகளை ஒட்டியிருக்கிறாள். ஊசி உடைந்த விதத்தைப் பார்த்தே உடைத்தது யார் என்று சொல்வாள். நடுவில் வளைந்து உடைந்திருந்தால் துணியை இழுத்துத் தைக்கிறவள். காலையில் வீட்டில் சண்டை. முனை மட்டும் போயிருந்தால் கனமான மடிப்பில் வேகம் குறைக்காதவள். “இந்தத் தாள் இருந்தா ஜோசியமே வேண்டாம்” என்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்புக் குமிழை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலு அடி போய், திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். அம்மா, “பூட்டே உன்னைப் பாத்துப் பயந்துதான் பூட்டிக்கிட்டு இருக்கு, விடு” என்பாள். எல்லாவற்றையும்விட எனக்கு வேடிக்கையாக இருந்தது காந்தத்தைச் சோதிப்பதுதான். தினமும் காலையில் கிளம்பும்போது காந்தத்தை வாசல் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் ஒரு தடவை ஒட்டுவாள். ‘டக்’ என்று சத்தம் கேட்டால்தான் காலில் செருப்பு ஏறும். காந்தம் ஒரு ராத்திரியில் எங்கே போய்விடும் என்று கேட்டேன். “அதான் எனக்கும் தெரியல. அதனாலதான் பாக்கறேன்” என்றாள்.

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகையால் மரக்கட்டை ஒன்றை அதே அளவுக்குச் செதுக்கி, அதே கறுப்பு டேப்பைச் சுற்றி, நாடாவில் கட்டி மாற்றி வைத்தேன். சித்தி வந்தாள், எடுத்தாள், தாழ்ப்பாளில் வைத்தாள். சத்தம் இல்லை. திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை. அலமாரிக்கு மேலே கையை விட்டு, நான் ஒளித்து வைத்திருந்த அசல் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரொம்ப சாதுவாகப் போகிறாளே என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், என் செருப்பு ஜோடியில் ஒன்றைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். அன்று முழுவதும் நான் ஒற்றைச் செருப்பு மனிதன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நான் அங்கே இல்லை. ஆனால் அன்று நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் நடித்துக் காட்டினார்கள். மூன்றிலும் பொதுவாக இருந்ததை எழுதுகிறேன். சித்தி வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதை மட்டும் மற்ற இரண்டு பேரிடமிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் ஒரு டிடெக்டர் வாங்கினார்கள். தைத்து முடித்த சட்டைகள் ஒரு பெல்ட்டில் ஏறி ஒரு பெட்டிக்குள் நுழைந்து வெளியே வரும். துணிக்குள் இரும்பு இருந்தால் மெஷின் கத்தி, பெல்ட் நின்றுவிடும். அது வந்த நாளிலிருந்து சூப்பர்வைசருக்குச் சித்தியின் மேஜை கண்ணில் விழுந்த தூசி. ஊசியை மெஷின் பிடிக்கும்போது ஆள் எதற்கு என்று மேலே எழுதிப்போட்டார். மேனேஜரும் ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஊசி மேஜை மூடப்படும், சித்தி நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றப்படுவாள் என்று ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார். நூல் வெட்டும் பகுதி என்றால் நாள் முழுக்க நின்றபடி, தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சித்திக்கு வேலை பெரிசில்லை. “நான் நூலை வெட்டிக்கிட்டு இருக்கும்போது ஊசியை யார் பாப்பா?” என்பதுதான் அவள் கேட்டது.

அதோடு இன்னொன்று. வாசலில் ஒரு பலகை. ‘ஊசி காணாமல் போகாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண். தினமும் காலையில் சூப்பர்வைசர் தன் கையாலேயே எண்ணை மாற்றுவார், பிள்ளைக்குத் தலை சீவுகிற மாதிரி. அன்று பலகையில் 499. மறுநாள் ஐந்நூறு. மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், படம் எடுப்பார்கள் என்று பலூன்கூட ஊதி சாமான் அறையில் அடைத்து வைத்திருந்தார்.

சித்திக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. “என்ன காந்தம், ஐந்நூறு நாள். சந்தோஷமா இல்லையா?” என்று காலையில் அவர் கேட்டிருக்கிறார்.

“பெரிய நம்பரைப் பாத்தா எனக்குத் தூக்கம் வருது சார்.”

“இது பெருமைம்மா.”

“பெருமைதான். நேத்து சாப்பிட்ட சாப்பாடும் பெருமைதான். இன்னைக்குப் பசிக்குதே.”

காலை பத்தரைக்குத் தேநீர் மணி அடித்ததும் மின்னல் ஊசி மேஜைக்கு வந்தாள். மின்னல் என்பது தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனில் எல்லோரையும்விட வேகமாகத் தைக்கும் பெண். நடந்து வந்தே யாரும் பார்த்ததில்லை. அன்று நடந்து வந்தாள். உள்ளங்கையில் இரண்டு துண்டு ஊசி.

“எப்ப உடைஞ்சுது?”

“இப்பதாங்க்கா.”

சித்தி துண்டுகளைப் பார்த்தாள். மின்னலின் மேலங்கிக் காலரைப் பார்த்தாள். காலர் மடிப்பில் நூல் பிரிந்து, ஓர் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது.

“காலர்ல உபரி ஊசி வச்சிருந்தே. உடைஞ்சதும் நீயே மாத்திக்கிட்டே. எத்தனை மணிக்கு? பொய் சொன்னேன்னு வை, உன் காலரையும் சேத்து ஒட்டிடுவேன்.”

“ஒன்பது பத்துக்கு. லைன் நிக்கக் கூடாதுன்னுதான்... நாளைக்கு ஐந்நூறு நாள் வேற.”

சித்தி துண்டுகளைத் தாளில் ஒட்டினாள். மேல் துண்டு படத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது. நடுத் துண்டும் உட்கார்ந்தது. முனை இருக்க வேண்டிய இடத்தில் படம் மட்டும் தெரிந்தது. அரை அரிசி நீளம்.

மெஷினுக்கு அடியில் காந்தத்தைத் துழாவினாள். நூல் உருளை இருக்கும் குழிக்குள் விட்டாள். மின்னலின் செருப்பை, தலைமுடியை, மடியைத் தேடினாள். இரண்டு குண்டூசி கிடைத்தது, எப்போதோ தொலைந்த ஒரு தோடு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. ஒன்பது பத்திலிருந்து பத்தரைவரை மின்னல் தைத்த சட்டைகள் எல்லாம் லேபிள் ஏறி, நூல் வெட்டி, இஸ்திரி முடிந்து, நேற்றைய சட்டைகளோடு கலந்து, நாற்பது அட்டைப் பெட்டிகளில் உட்கார்ந்துகொண்டிருந்தன. பெட்டிக்கு அறுபது. லாரி மூன்று மணிக்கு.

சித்தி பேக்கிங் பகுதிக்கு நடந்து போய், முதல் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “என்ன இது?”

“முனை கிடைக்கிற வரைக்கும் இது நகராது சார்.”

“எல்லாம் டிடெக்டர்ல போய் வந்தாச்சும்மா. ஒரு சத்தம் வரல. முனை தரையில விழுந்து யார் செருப்போடயோ போயிருக்கும்.”

“யார் செருப்புன்னு சொல்லுங்க, எடுத்துட்டு வரேன்.”

மேனேஜரும் வந்துவிட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்று யாராவது தினமும் சொன்னால் போதும், நல்லவர். அவர் பொறுமையாகச் சொன்னார். “இதோ பாரும்மா. மெஷின் இல்லைன்னு சொல்லுது. நீ இருக்குன்னு சொல்றே. லாரி போகலைன்னா நான் மேல பதில் சொல்லணும். நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா முதல் தேதி வரைக்கும்கூட அந்த மேஜை இருக்காது. நாளைக்கே நூல் வெட்டப் போகணும். சம்மதமா?”

“சம்மதம் சார். ஆனா அதுக்கு முன்னாடி மெஷின் கிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்.”

டிடெக்டரைப் பார்த்துக்கொள்வது பேக்கிங் அண்ணன். அமைதியான மனிதர், எதற்கும் தலையாட்டுவார். மணிக்கு ஒரு தடவை அவர் மெஷினைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. அதற்குள் கடுகு அளவு இரும்புக் குண்டு பதித்திருக்கும். அட்டையைப் பெல்ட்டின் இடது ஓரத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை விட்டு, மெஷின் மூன்று தடவையும் கத்துகிறதா என்று பார்த்து, தாளில் மூன்று டிக் போட வேண்டும்.

சித்தி அந்தத் தாளை எடுத்தாள். அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. தாளில் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் டிக் இருந்தது.

“அண்ணே, அஞ்சு மணிக்கு மெஷின் நல்லாருக்கும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சா?”

அண்ணன் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சரி, ஒரு தடவை எப்படி விடுவீங்கன்னு காட்டுங்க.”

அவர் அட்டையைப் பார்க்காமலே பெல்ட்டின் நடுவில் போட்டார். மெஷின் கத்தியது. சூப்பர்வைசர், கேட்டியா என்பதுபோல் சித்தியைப் பார்த்தார்.

“இப்ப இடது ஓரத்துல விடுங்க.”

“எல்லாம் ஒரே பெல்ட்தானேம்மா” என்றார் அண்ணன்.

“ஒரே பெல்ட்தான். விடுங்க.”

அட்டை இடது ஓரமாக ஏறி, பெட்டிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் தட்டில் விழுந்தது. அண்ணன் மறுபடி விட்டார். மறுபடி மௌனம். மேனேஜர் தானே அட்டையை வாங்கி, ஊதித் துடைத்து, இடது ஓரத்தில் வைத்தார். மேனேஜர் என்பதற்காக மெஷின் கத்திவிடவில்லை.

இந்த இடத்தை மின்னல் நடித்துக் காட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுவாள். சாமான் அறையில் ஒரு பலூன் தானாக வெடித்ததாம். சூப்பர்வைசர் ஒரு முழம் துள்ளினாராம்.

“எத்தனை நாளா இப்படி?” என்று மேனேஜர் கேட்டார்.

“தெரியல சார்” என்றார் அண்ணன். “முதல்ல மூணு பக்கமும்தான் விட்டேன். எப்பவும் கத்தும். எப்பவும் கத்துதேன்னு அப்புறம் நடுவுல மட்டும்... கை பழகிடுச்சு சார்.”

“அலட்சியம்” என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

“இல்ல சார், அவரை அப்படிச் சொல்லாதீங்க” என்றாள் சித்தி. “அலட்சியம்னா, எது எப்படிப் போனா எனக்கென்னன்னு விடறது. அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்ல. இது மெத்தனம். எல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு மனசார நம்பி விடறது. நல்லவங்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும். ஐந்நூறு நாள் நல்லா நடந்தா கண்டிப்பா வரும்.”

தேர்வில் அரை மதிப்பெண் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை. அகராதியைத் திறந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். “இப்ப என்ன பண்ணலாம்?” என்றார். அன்று காலையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று சித்தி சொல்வாள்; மற்றதெல்லாம் கேள்வி மாதிரி இருந்த உத்தரவாம்.

“நாற்பது பெட்டியையும் பிரிக்கணும். ஒவ்வொரு சட்டையா, நடுவுல மட்டும், மறுபடி விடணும்.”

ரெண்டாயிரத்து நானூறு சட்டை. லைனையே நிறுத்தினார்கள். ஐந்து பேர் பெட்டி பிரித்தார்கள், ஐந்து பேர் சட்டையை விரித்துக் கொடுத்தார்கள், பேக்கிங் அண்ணன் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பெல்ட்டின் நடுவில் வைத்தார். அவரை மாற்றலாமா என்று கேட்டதற்கு, “வேணாம், நானே” என்று மட்டும் சொன்னார். பெட்டிக்கு ஒரு தடவை அட்டையை விட்டு, மெஷின் கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டார். மேனேஜர்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மடித்த சட்டைகளை அடுக்கினார். கோணல் மாணலாக அடுக்கினாராம், யாரும் சொல்லவில்லை.

இருபத்தாறாவது பெட்டியில் மெஷின் கத்தியது.

அந்தச் சத்தத்துக்கு ஒரு கூட்டமே கை தட்டியதை நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. மின்னல் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சூப்பர்வைசர் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். அந்தச் சட்டையின் கழுத்து லேபிளுக்கு அடியில் காந்தத்தை வைத்து எடுத்தால், மினுங்கிக்கொண்டு ஒரு முனை. மணி இரண்டு. “பேக் பண்ணுங்க, பேக் பண்ணுங்க” என்று மேனேஜர் அண்ணனின் முதுகில் தட்டினார்.

சித்தி மட்டும் கை தட்டவில்லை. இடுக்கியால் முனையை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். மின்னலின் ஊசி ஒட்டிய தாளை விரித்து, காலியாக இருந்த இடத்தில் முனையை வைத்தாள். குனிந்து பார்த்தாள். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“இது இல்ல.”

“எது இல்ல?”

“இது மின்னலோட ஊசி இல்ல சார். அவளுது பதினொண்ணாம் நம்பர், மெலிசு. இது பதினாலு, தடி. ஒட்டல.”

சூப்பர்வைசர்தான் முதலில் பேசினார். “காந்தம், தேடினது ஒரு முனை. கிடைச்சது ஒரு முனை. சரியாப் போச்சு. விடேன்மா.”

“உங்க பிள்ளை கூட்டத்துல தொலைஞ்சு, பக்கத்து வீட்டுப் பிள்ளை கிடைச்சா, சரியாப் போச்சுன்னு கூட்டிட்டு வந்துருவீங்களா சார்?”

யாரோ பின்னாலிருந்து சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக இறங்கியது. ஒன்று தேடப் போய் இன்னொன்று கிடைத்தால், உள்ளே இருந்தது இரண்டு. பலகையில் இருந்த 499 எப்போது பொய்யானது என்று யாருக்கும் தெரியாது.

லைனில் பதினாலாம் நம்பர் ஊசி ஒரே ஒரு மெஷினில்தான். லேபிள் தைக்கும் மெஷின். அதில் உட்கார்ந்திருப்பவர் லேபிள் அக்கா, தொழிற்சாலையிலேயே சீனியர். சித்தியின் பதினொரு பேரேட்டிலும் அவர் பெயர் மூன்றே மூன்று தடவைதான் வரும். எல்லோருக்கும் அவர்தான் உதாரணம். சித்தி அவர் மெஷினின் ஊசியைக் கழற்றி வெளியே எடுத்தாள். முனை இல்லாத மொட்டை ஊசி. லைனை நிறுத்தும்வரை அதுவே லேபிளைக் குத்திக் குத்தித் தைத்துக்கொண்டிருந்தது.

“காலையிலேருந்து டக்கு டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு” என்றார் லேபிள் அக்கா. “நான் எண்ணெய் போட்டேன்.” அந்த மொட்டை ஊசியைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஊசி உடையாதுன்னே நெனச்சுட்டேன்டி” என்றார்.

சித்தி அவருக்கு முன்னால் தாளை வைத்தாள். மொட்டை ஊசியையும் முனையையும் பொருத்தி ஒட்டினாள். முழு ஊசி. “கையெழுத்துப் போடுங்கக்கா” என்று பேனாவைக் கொடுத்தாள். அவர் பேனாவை வாங்கினார். “மெதுவாப் போடுங்க. உங்க கையெழுத்து என் புக்குல கிடைக்கிறதே அபூர்வம்.” லேபிள் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இதைச் சித்தி எங்களிடம் சொல்லவில்லை. லேபிள் அக்காவே வீட்டுக்கு வந்து சொன்னார்.

மறுபடி பெல்ட் ஓடியது. முப்பது. முப்பத்தொன்று. வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது. முப்பத்துமூன்றாவது பெட்டியில் சூப்பர்வைசர் மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் தயங்கி, “அண்ணே, மீதியை நாளைக்கு...” என்று ஆரம்பித்தார்.

எதற்கும் தலையாட்டும் பேக்கிங் அண்ணன், தலையை நிமிர்த்தாமல், “இன்னும் ஏழு பெட்டி இருக்கு சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சட்டையை எடுத்து நடுவில் வைத்தார். மேனேஜர் வாசலுக்குப் போய் லாரி டிரைவரிடம், “தம்பி, ஹாரன் அடிக்காதீங்க, உள்ள ஒரு சத்தத்தைக் கேக்கறதுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்” என்றார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது பெட்டி. கை மடிப்பில் இருந்தது. மெஷின் கத்தியபோது இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் இடுக்கியில் எடுத்தாள், நடந்தாள், தாளில் வைத்தாள். நாற்பது பேர் அந்தத் தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கழிவறைக்குப் போகிற வழியில் அப்படி ஒரு கூட்டம் அதுவரை கூடியதில்லை. உடைந்த இடமும் உடைந்த இடமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. படத்தில் வெள்ளையே தெரியவில்லை.

“இதுதான்” என்றாள் சித்தி.

அப்புறம் எழுந்த கூச்சலில் லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். மின்னல் சித்தியைத் தூக்கியேவிட்டாள். தூக்க வசதியான உயரம்தான். “இறக்குடி, இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு” என்று மேலேயிருந்தே சித்தி சொன்னாள். மீதி இரண்டு பெட்டியையும் விட்டுப் பார்த்தார்கள். எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சித்திக்கு அன்றைய தினத்தின் பெரிய வெற்றி அதுதான்.

மூன்று ஐம்பதுக்கு லாரி கிளம்பியது. மேனேஜர் பலகையிடம் போய் நின்றார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் தன் கையாலேயே 499ஐக் கழற்றிவிட்டு, பூஜ்யத்தை மாட்டினார். பிறகு சித்தியைக் கூப்பிட்டு, “அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுத்துரும்மா. மேஜையை எங்க போடணும்னு நீயே சொல்லு” என்றார். லைனுக்கும் டிடெக்டருக்கும் நடுவில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தைச் சித்தி கை காட்டினாள். அன்றைக்கே நாலு பேர் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். ஊதி வைத்த பலூன்களை வீணாக்குவானேன் என்று மேஜையைச் சுற்றிக் கட்டினார்கள். கட்டியவர் சூப்பர்வைசர். “ஐந்நூறுக்குன்னு வாங்கினேன். போகட்டும், பூஜ்யத்துக்கும் பலூன் அழகாத்தான் இருக்கு” என்றாராம்.

சித்தி பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “இப்பதான் சரியான நம்பர் சார். பாத்தா முழிப்பு வருது.”

அன்று சாயங்காலம் ஒரு சிவப்பு பலூனோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து வணக்கம் வைத்தார். மின்னல், லேபிள் அக்கா, பேக்கிங் அண்ணன் என்று கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் போனபின் அம்மா, “இனிமே உன்னை யார் அசைக்க முடியும்?” என்றாள். சித்தி சிரித்தாள். எழுந்துபோய் அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. அப்படியே அறைக்குப் போய்விட்டாள்.

அவளை இவ்வளவு கேலி செய்கிற நான், அதைப் பார்த்துப் பயந்துபோனேன். ஒரு தடவைதான் தொட்டாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் மெத்தனம் கண்டிப்பாக வரும் என்று மத்தியானம் சொன்னவளே அவள்தானே. இரண்டாவது, மூன்றாவது தடவையை நானே போய்த் தொட்டுவிட்டு வந்தேன். குமிழ் மூடித்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பழைய மரக்கட்டையைத் தேடி எடுத்தேன். டேப்பைப் புதுசாகச் சுற்றி, நாடாவை மாற்றி, காந்தம் தொங்கும் ஆணியில் தொங்கவிட்டேன். அசல் காந்தம் என் சட்டைப் பையில். வாசல்படியில் உட்கார்ந்து பல் தேய்க்கிறவன் மாதிரி காத்திருந்தேன். வாயில் நுரை இருந்தது, தேய்த்தேனா என்று ஞாபகம் இல்லை.

சித்தி வந்தாள். நேற்று வாங்கிய பாராட்டெல்லாம் முகத்தில் அப்படியே இருந்தது. ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தாள். ஆணியிலிருந்து எடுத்து, கழுத்தில் மாட்டினாள். கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள்.

அந்தக் கால் வெளியே இருக்கும்போதே கை பின்னால் போய்க் கட்டையைத் தாழ்ப்பாளில் வைத்தது. சத்தம் இல்லை.

திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள்.

“குடு.”

கொடுத்தேன். டக்.

“இன்னைக்கு விட்டுடுவேன்னு நெனச்சியாடா?”

“கொஞ்சம்” என்றேன், நுரையோடு.

“நானும்தான்” என்றாள். என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் ராஜநடை போட்டுப் போனாள். தெருமுனையில் திரும்பும்போது பலகையில் இன்றைக்கு ஒன்று என்று மாட்டப்போவதை நினைத்தோ என்னவோ, அவளுக்குத் தோளெல்லாம் சிரிப்பு.

அவள் மறைந்தபிறகுதான் கீழே பார்த்தேன். வாசலில் என் செருப்பு ஒன்றுதான் இருந்தது. நான் கட்டையை மாற்றுவதற்கு முன்னாலேயே எடுத்துப் பையில் போட்டுவிட்டிருக்கிறாள்.